சதுரமா, நீள்சதுரமா?

கேள்வி: தரைத்தளத்துக்கும் மொட்டைமாடிக்கும் (உயரம் சுமார் 7 மீட்டர்) வெப்பமும் காற்றழுத்தமும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்க்க, வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் பி.எம்.இ.280 சென்சார் இரண்டை ஆன்லைனில் வாங்கினேன். ஈரப்பதம் வரவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அழுத்தத்தில் 0.7 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் காட்டுகின்றன. போலி சரக்கா?

பதில்: பாதி ஆம், பாதி இல்லை.

ஈரப்பதம் வராதது சந்தேகத்துக்குரியது. விலை குறைந்த பி.எம்.பி.280-ஐ பி.எம்.இ. என்று தலையில் கட்டுவது இந்தச் சந்தையில் பழைய கதை. அதற்கு அழுத்தமும் வெப்பமும் மட்டும்தான் தெரியும். சென்சார் பலகையில் பெரும்பாலும் இரண்டு பெயரும் அச்சாகியிருக்கும், அதை நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் சின்ன உலோகப் பெட்டியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பி.எம்.இ. சதுரம், 2.5க்கு 2.5 மில்லிமீட்டர். பி.எம்.பி. நீள்சதுரம், 2க்கு 2.5. சில்லின் (சிப்) அடையாள எண்ணை நிரல் வழியாகப் படித்தால் இன்னும் உறுதி: ஹெக்ஸில் (பதினாறடிமான எண் முறை) 60 வந்தால் பி.எம்.இ., 58 வந்தால் பி.எம்.பி.

0.7 வித்தியாசம் மட்டும் விற்றவர் தவறல்ல. காற்றழுத்தத்தால் சிலிக்கான் சவ்வு வளையும்போது மின்தடை மாறுவதைத்தான் இந்தச் சென்சார் அளக்கிறது. ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். தயாரிப்பாளரே சொல்லும் பிழை ±1 ஹெக்டோபாஸ்கல். உங்கள் 7 மீட்டருக்கு உண்மையான மாற்றமே 0.8 அளவுதான். அப்படியே மாட்டினால் நீங்கள் அளப்பது வீட்டை அல்ல, சென்சாரின் பிழையை! ஒரு நாள் முழுக்க இரண்டையும் ஒன்றாக வைத்து, சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அதை அளவிலிருந்து கழித்துவிடுங்கள். இதற்காக விலை உயர்ந்த சென்சார் தேவையில்லை.

வெப்பத்துக்கும் இதே வைத்தியம்தான். கூடவே, சென்சாரை அதைப் படிக்கும் வைஃபை பலகையை ஒட்டிச் செருகாமல் ஒரு சாண் வயர் விட்டுத் தள்ளி வையுங்கள், பலகையின் சூடு அளவில் ஏறிவிடும். மாடியில் வெயில் நேராகப் படக்கூடாது. காற்றோட்டமான நிழல் வேண்டும்.

சரி, திருப்பி அனுப்பலாமா? உங்கள் வேலைக்கு பி.எம்.பி.யே போதும். ஆனால் கொடுத்த காசு பி.எம்.இ.க்கு அல்லவா? விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அடையாள எண் தெரியும் கணினித் திரையின் படம், சில்லின் போட்டோ, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.