சிறுகோளுக்கு இரண்டு தாள் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 1861இல் மதராஸில் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஆசியா’ சிறுகோளைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் சேர்ந்து 4,000 வெள்ளி (ரிங்கிட்) திரட்டியிருக்கிறோம். எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? அது பூமியில் மோதுமா என்றும் கேட்கிறார்கள்.

அன்புள்ள டீச்சர்,

மோதாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே 3 ஆண்டு 9 மாதத்துக்கு ஒரு சுற்று என்று அது தன் வழியில் போகிறது. அதை விடுங்கள்.

பிள்ளைகளின் ஆசை மனசை நிறைத்தது. பணக் கணக்கைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒருநாள்கூட வானத்தைத் தாளில் வரைந்து பார்க்காத வகுப்புக்குத் தொலைநோக்கி எதற்கு? ஆசியா சுமார் 60 கிலோமீட்டர் பாறை. 4,000 வெள்ளிக் கருவியிலும் வெறும் புள்ளிதான். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஒரே அடையாளம், அது இடம் மாறும். சிறுகோள்களைப் புகைப்படத்தில் பிடிக்கத் தொடங்கியது 1891இல். அதற்கு 30 ஆண்டு முன்பு, மதராஸின் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், ஆசியாவைக் கண்டுபிடித்த போக்சன் கண்ணையும் நட்சத்திர வரைபடத்தையும் நம்பித்தான் தேடினார்.

ஆசியாவை விடப் பிரகாசமான வெஸ்டா என்ற சிறுகோளில் தொடங்குங்கள். எதிர்நிலையில், அதாவது பூமி அதற்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போது, அதன் ஒளியளவு ஏறத்தாழ 6, ஆசியாவுக்கு 11. எண் குறைந்தால் பிரகாசம் கூடும். ஐந்து படி வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் நூறு மடங்கு. அந்தக் கணக்கை வகுத்தவரும் போக்சனே. வெஸ்டாவுக்கு 7x50 பைனாகுலர் போதும், இரவல் வாங்கலாம். ஏறத்தாழ 16½ மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலைக்கு வரும். தேதியையும் வான்பகுதியையும் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் இலவசமாகப் பாருங்கள். முழுநிலவை ஒட்டிய நாட்கள் வேண்டாம்.

செம்பனை ஆலை விளக்கு முதுகுப்பக்கம் இருக்கும்படி திடலில் உட்காருங்கள். கண் பழக 20 நிமிடம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வந்த பைனாகுலரை உடனே திறந்தால் வில்லை முழுக்கப் பனிக்கும். பையை மூடியபடியே அரைமணி வெளியில் வையுங்கள். பனித்துவிட்டால் சட்டையால் துடைக்கக் கூடாது, பூச்சு கீறிப்போகும். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றாவிட்டால் புள்ளிகள் ஆடும்.

பைனாகுலரில் தெரியும் வான்வட்டத்துக்குத் தாளில் 10 சென்டிமீட்டர் வட்டம் போடுங்கள், மைலோ டின் மூடி போதும். முதலில் பிரகாசமான மூன்று நட்சத்திரங்களை முக்கோணமாக வையுங்கள். பிறகு அதை ஒட்டிப் பன்னிரண்டு, பிரகாசத்துக்கேற்பப் பெரிதும் சிறிதுமாக. தேதி, மணி எழுதுங்கள். அழிரப்பர் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து, அதே நேரம், புதுத்தாள். முதல் தாளைப் பையில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வானத்தை விட்டு அதைப் பார்த்து வரைவார்கள். பாதி வகுப்புகள் தோற்பது இந்த இடத்தில்தான். போனைப் பார்த்து வரைவதும் அதே தப்பு. எதிர்நிலையில் வெஸ்டா ஒரு நாளில் கால் பாகை நகரும். இரண்டு நாளில் அரைப் பாகை, அதாவது நிலவின் அகலம். உங்கள் வட்டத்தில் சுமார் 7 மில்லிமீட்டர். மழை வந்தால் மூன்று நாள் கழித்து வரையலாம், சுமார் 10 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். எல்லாம் பொருந்தி ஒன்று மட்டும் விலகினால், அதுதான்.

அந்த இரண்டு தாளையும் எனக்கு அனுப்புங்கள். தொலைநோக்கியைப் பற்றி அப்போது எழுதுகிறேன்.