ஒரே பஞ்சம், இரண்டு நூல்கள்

கேள்வி: யுங் சாங்கின் ‘ஒயில்டு ஸ்வான்ஸ்’ படித்த பிறகு சீனாவைப் பற்றி மேலும் படிக்க ஆசை. எனக்குச் சீன மொழி தெரியாது. ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும். எங்கே தொடங்கலாம்? சீன எழுத்து என்றாலே துயரக் கதைதானா? பெயர்கள் வேறு குழப்புகின்றன.

பதில்: நீங்கள் படித்தது, லண்டனில் குடியேறியவர் ஆங்கிலத்திலேயே எழுதிய நூல். சீனாவுக்குள் சீனர்கள் தமக்குள் எழுதிப் படிப்பதைத் தெரிந்துகொள்ள யூ ஹுவாவின் ‘டு லிவ்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். சிறிய நூல். பண்ணையார் மகன் ஃபூகுய் சூதாட்டத்தில் நிலத்தையெல்லாம் தோற்கிறான். பின்னர் நிலச் சீர்திருத்தம் வரும்போது, அந்த நிலத்தை ஜெயித்தவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். தோற்றவன் உயிர் பிழைக்கிறான். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அடுத்து வரலாறு. ஜோனதன் ஸ்பென்ஸின் ‘த சர்ச் ஃபார் மாடர்ன் சைனா’ சிறந்த நூல்தான். ஆனால் அது மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் தொடங்குகிறது. முதல் பக்கத்திலிருந்து படித்தால் மாவோவை எட்டுமுன் சோர்ந்துபோவீர்கள். தேவைப்படும்போது புரட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, ஒரே நிகழ்வைப் பற்றி ஒரு வரலாற்றையும் ஒரு நாவலையும் சேர்த்துப் படியுங்கள். மாவோ ஆட்சியில் 1958-62இல் வந்த பஞ்சத்துக்கு யாங் ஜிஷெங்கின் ‘டூம்ஸ்டோன்’. அவர் அரசின் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவில் நிருபராக இருந்தவர்; தந்தையை அந்தப் பஞ்சத்தில் பறிகொடுத்தவர். மாகாண ஆவணக் காப்பகங்களைத் துருவி 3.6 கோடிப் பேர் மாண்டதாகக் கணக்கிட்டார். வரலாற்றாசிரியர் ஃபிராங்க் டிகோட்டரோ குறைந்தது 4.5 கோடி என்கிறார். இந்த வேறுபாட்டைக் கண்டு மிரள வேண்டாம். பஞ்சம் இல்லாவிட்டாலும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதை முதலில் ஊகித்துத்தான் மிகைச் சாவைக் கணக்கிட முடியும். அந்த ஊகம் மாறினால் தொகையும் மாறும். கூடவே யான் லியன்கேயின் ‘த ஃபோர் புக்ஸ்’ படியுங்கள். அதே பஞ்ச காலத்தில், மஞ்சளாற்றங்கரை முகாமில் அடைபட்ட அறிவாளிகளின் கதை.

‘டூம்ஸ்டோன்’, ‘த ஃபோர் புக்ஸ்’ இரண்டும் சீனப் பெருநிலத்தில் (ஹாங்காங், தைவான் நீங்கலான சீனாவில்) அச்சாகவில்லை. ஆகவே எந்த நூலை எடுத்தாலும் அதன் சீன மூலநூல் முதலில் எங்கே வெளிவந்தது என்று பாருங்கள். ‘டு லிவ்’ பெருநிலத்தில் வெளியாகி இன்றும் விற்கிறது. அதே யூ ஹுவாவின் ‘சைனா இன் டென் வேர்ட்ஸ்’ தைவானில்தான் வெளிவர முடிந்தது. மொழிபெயர்ப்பும் மூலமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ‘டூம்ஸ்டோன்’ ஆங்கிலத்தில் வெகுவாகச் சுருக்கப்பட்டது. லியூ சிஷின்னின் ‘த த்ரீ-பாடி ப்ராப்ளம்’ அறிவியல் நாவலில், 2008 சீனப் பதிப்பு மாவோ காலக் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகளை நடுவில் வைத்தது. 2014 ஆங்கிலப் பதிப்பு அவற்றிலிருந்தே தொடங்குகிறது.

துயரம் மட்டுமா என்றால், இல்லவே இல்லை. வாங் அன்யி ஷாங்காய்ச் சந்துகளை எழுதுகிறார். சி ஸிஜியென் கலைமான் மேய்க்கும் எவங்கி மக்களை எழுதுகிறார். திபெத்தியரான அலாய் சீன மொழியில் திபெத்தியக் குறுநிலத் தலைவர்களை எழுதுகிறார்.

பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும்: யூ ஹுவாவில் ‘யூ’. நாவலாசிரியர் மோ யானின் பெயர் புனைபெயர். ‘பேசாதே’ என்று பொருள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் வட்டார உச்சரிப்பும் வேறுபடுவதால் ஒருவரே இருவராகத் தெரிவார்: சியாங் கை-ஷேக்கும் ஜியாங் ஜியேஷியும் ஒரே ஆள். நூலின் பின்னட்டையில் ஒரு தாள் ஒட்டி, பெயர்களையும் உறவுமுறைகளையும் குறித்துக்கொண்டே படியுங்கள்.