வர்ஜீனியாவில் வேகத்துக்காக டிக்கெட் கிடைத்தால் உடனே பணம் கட்டிவிடலாமா?

அமெரிக்காவில் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றதற்காக டிக்கெட், அதாவது போலீஸ் எழுதித் தரும் வழக்குச் சீட்டு, கிடைத்திருக்கிறது, அபராதத்தை இணையத்திலேயே கட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாநிலத்தில் பிடிபட்டீர்கள், டிக்கெட்டில் எந்தச் சட்டப்பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் ஒரு டாலர் கூடக் கட்டாதீர்கள் என்பதே என் பதில். பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றே பொருள். நான் மாட்டிக்கொண்டது வர்ஜீனியாவில் என்பதால் அந்த மாநிலத்தை வைத்தே விளக்குகிறேன்.

2023 கோடையில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு ரிச்மண்டிலிருந்து வாஷிங்டன் பக்கமாக இன்டர்ஸ்டேட் 95இல் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 70 மைல். முன்னால் போன வண்டிகளோடு சேர்ந்து நானும் போகிறேன் என்ற நினைப்பில் இருந்தபோது, சாலையின் நடுவே இருந்த புல்வெளியில் மரங்களின் மறைவில் நின்றிருந்த மாநிலக் காவல்துறையின் நீலமும் சாம்பலும் கலந்த கார் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது. வலது ஓரத்தில் நிறுத்தினேன். நிறுத்திய மறுநொடியே அப்பா கதவைத் திறக்கப் போனார். நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால், வண்டியை விட்டு இறங்கி, ஆர்சி புத்தகத்தோடு ஜீப் அருகே போய்ப் பணிவாகப் பேசுவதுதானே வழக்கம்! "இறங்காதீங்கப்பா, கையை மடியிலேயே வெச்சுக்கோங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் திகைத்துவிட்டார். இங்கே இறங்குவது அச்சுறுத்தலாகவே பார்க்கப்படும். ஓட்டுநர் இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும்; உரிமத்தையும் பதிவுச் சான்றையும் போலீஸ் அதிகாரி கேட்ட பிறகு, எங்கிருந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

அதுவரை சரியாக நடந்துகொண்ட நான் அடுத்துத்தான் தவறு செய்தேன். "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று தெரியுமா?" என்று அந்த அதிகாரி கேட்டபோது, உண்மையைச் சொன்னால் எச்சரித்து விட்டுவிடுவார் என்ற நப்பாசையில், "85, 86 இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இரண்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. பெயர், உரிமம் போன்றவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேகத்தைப் பற்றிய கேள்விக்கு, மரியாதை குறையாமல், பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குவாதம் மட்டும் வேண்டாம். டிக்கெட் தாளில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஏற்பது ஆகாது, குறித்த நாளில் வருவேன் என்ற உறுதிமொழி மட்டுமே.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை நிதானமாகப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வேகம் 88, வரம்பு 70 என்று எழுதி, சட்டப்பிரிவு 46.2-862 என்று போட்டிருந்தது. அது சாதாரண வேக மீறல் அல்ல. ரெக்லஸ் டிரைவிங், அதாவது பொறுப்பற்ற முறையில் வண்டி ஓட்டிய குற்றம். வர்ஜீனியாவில் வரம்பைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் போனாலும், வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலும் இந்தப் பிரிவு பாயும். 2020 ஜூலை வரை அந்த எல்லை 80 மைலாகவே இருந்தது. ஆக, 70 மைல் சாலையில் 16 மைல் கூடுதலாகப் போனாலே நீங்கள் அபராதக் கணக்கிலிருந்து குற்றவியல் கணக்குக்கு மாறிவிடுகிறீர்கள். இது முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்களிலேயே கடுமையான வகை. அதிகபட்சத் தண்டனை 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும், அதற்கு மேல் உரிமத்தையும் ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். முதல் முறை 88இல் பிடிபட்டவரைச் சிறைக்கு அனுப்புவது அரிது என்றாலும், தீர்ப்பு குற்றப் பதிவாக நிற்கும். ஓட்டுநர் பதிவில் ஆறு தண்டனைப் புள்ளிகள் ஏறும், தீர்ப்பு அதில் 11 ஆண்டுகள் இருக்கும். விசா விண்ணப்பமான டிஎஸ்-160இல், எப்போதாவது கைது செய்யப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்ற கேள்வி இருப்பதால், எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது. இந்தப் பிரிவில் வழக்குப் போட்டால் முன்கூட்டியே பணம் கட்டித் தப்பவும் வழியில்லை. நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். சாதாரண வேக மீறல் பிரிவாக இருந்தால் மட்டும், விசாரணைக்கு முன்பே பணம் கட்டலாம். அதற்கும் புள்ளிகள் உண்டு, காப்பீட்டுத் தொகையும் ஏறலாம்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் தபால்பெட்டியில் பதினொரு வழக்கறிஞர்களின் கடிதங்கள் வந்து விழுந்தன. நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் கிடைப்பதால், முகவரியை அங்கிருந்து எடுத்து எழுதுகிறார்கள். என் மனைவிக்கு அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் செய்தியே தெரிய வந்தது என்பது தனிக்கதை. வாரந்தோறும் அதே நீதிமன்றத்துக்குப் போய்வரும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை 750 டாலர் மொத்தக் கட்டணத்தில் அமர்த்தினேன். அவர் என்னிடம் மூன்று வேலைகளைச் செய்யச் சொன்னார். முதலாவது, ஓட்டுநர் உரிமங்களைக் கவனிக்கும் மாநிலத் துறையான டிஎம்வியிலிருந்து என் ஓட்டுநர் பதிவை எடுத்துக்கொள்வது. இரண்டாவது, நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே எட்டு மணி நேர ஓட்டுநர் மேம்பாட்டு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்குவது. மூன்றாவதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை: காரின் வேகமானியைச் சோதிக்கும் கடைக்குப் போய், சத்தியப்பிரமாணத்தோடு கூடிய அறிக்கை வாங்கிவரச் சொன்னார். வர்ஜீனியாச் சட்டம் அந்த அறிக்கையைச் சாட்சியமாக ஏற்கிறது. கடைக்காரர் காரை உருளைகள் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்ததில், உண்மையில் 88 மைல் போகும்போது என் மானி 86 காட்டியது தெரிந்தது. இரண்டு மைல் வித்தியாசம் என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. ஆனால் தெரிந்தே அவ்வளவு வேகத்தில் ஓட்டவில்லை என்று சொல்ல ஒரு காகிதம் கிடைத்தது. மானி சரியாகவே இருந்தால் அந்த அறிக்கையைக் கொடுக்காமல் விட்டுவிடலாம்.

விசாரணை நாளில் வாசலிலேயே கைப்பேசிக்குத் தடை என்றார்கள். திரும்பிப் போய்க் காரில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். என் பெயரை நீதிபதி இரண்டு முறை உச்சரிக்க முயன்று, மூன்றாவது முறை சிரித்துவிட்டார். அந்த அதிகாரி ரேடாரின் சோதனைச் சான்றிதழைக் காட்டினார். அந்தச் சோதனை ஆறு மாதத்துக்குள் நடந்ததாக இருக்க வேண்டும் என்பதால், என் வழக்கறிஞர் முதலில் பார்த்தது தேதியைத்தான்; அது சரியாகவே இருந்தது. பிறகு அவர் என் ஓட்டுநர் பதிவையும், வகுப்புச் சான்றிதழையும், வேகமானி அறிக்கையையும் நீட்டினார். நான்கைந்து நிமிடங்களில் குற்றச்சாட்டு, 70 மைல் சாலையில் 79 என்ற சாதாரண வேக மீறலாகக் குறைக்கப்பட்டது. மூன்று புள்ளிகள், அபராதமும் நீதிமன்றச் செலவும் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது. எனக்கு முன்னால் வழக்கறிஞர் இல்லாமல் நின்ற இளைஞர், எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள் என்று ஆரம்பித்தார். நீதிபதி அதற்கு மேல் கேட்கவில்லை.

எல்லா மாநிலமும் வர்ஜீனியா அல்ல. கலிஃபோர்னியாவில் வரம்பைவிட 25 மைலுக்கு மேல் போகாதவர்கள், 18 மாதங்களுக்கு ஒரு முறை, போக்குவரத்து வகுப்புக்குப் போய்ப் புள்ளியைக் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படாமல் மறைக்க முடியும். வேறு மாநில உரிமத்தோடு வர்ஜீனியாவில் பிடிபட்டால், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்கின்றன. ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவியை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நண்பர் எவராவது யோசனை சொன்னால், வர்ஜீனியாவில் அதுவும் சட்டவிரோதம் என்று சொல்லிவிடுங்கள்.

வர்ஜீனியாவில் இத்தகைய வழக்குகளை முதலில் விசாரிக்கும் ஜெனரல் டிஸ்டிரிக்ட் நீதிமன்றத்தின் தீர்ப்பு பாதகமாக வந்தால், பத்து நாட்களுக்குள் அதற்கு மேலுள்ள சர்க்யூட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே வழக்கு முதலிலிருந்து மீண்டும் நடக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை. ஆறு வாரம் கழித்து டிஎம்வி பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 88 என்ற எண் எங்கும் இல்லை, 79 என்றே ஏறியிருந்தது.