சொலாரிஸில் ஆர்எம்டிர் வேறு பிழை தருவது ஏன்?

காலிக் கோப்புறைகளை மட்டும் ஆர்எம்டிர் (rmdir, கோப்புறையை அழிக்கும் கட்டளை) கொண்டு அழிக்கும் உங்கள் சி நிரல், உள்ளே கோப்பு இருந்தால் லினக்ஸில் பேசாமல் தாண்டிப் போகிறது. சொலாரிஸ் இயங்குதளத்தில் மட்டும் ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ (கோப்பு இருக்கிறது) என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். சொலாரிஸின் மேல் பழி போட வேண்டாம். கோப்புறை காலியாக இல்லாவிட்டால் ஈஎக்ஸிஸ்ட் (EEXIST, ‘ஏற்கெனவே இருக்கிறது’), ஈநாட்எம்ப்டி (ENOTEMPTY, ‘காலியாக இல்லை’) ஆகிய இரண்டு பிழைக்குறிகளில் எதைத் தந்தாலும் சரி என்றுதான் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் ஆர்எம்டிர் பகுதி சொல்கிறது. யூனிக்ஸின் இரு கிளைகளில், பழைய சிஸ்டம் ஃபைவ் வழக்கம் ஒன்று, பிஎஸ்டி வழக்கம் மற்றொன்று. தரத்தை எழுதியவர்கள் இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளவில்லை. அவதி நமக்கு! லினக்ஸ் தருவது ஈநாட்எம்ப்டி (எண் 39), சொலாரிஸ் தருவது ஈஎக்ஸிஸ்ட் (எண் 17). உங்கள் நிரல் ஈநாட்எம்ப்டியை மட்டுமே எதிர்பார்க்கிறது.

பிழை எண் பதியும் எர்னோவை (errno) இரண்டு பெயர்களோடும் ஒப்பிடுங்கள். ஸ்விட்சில் தனித்தனி கேஸ்களாக எழுதாமல் இஃப் போடுங்கள். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் இரண்டுக்கும் ஒரே எண் அமையக்கூடும். அப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு கேஸ்களைக் கம்பைலர் ஏற்காது.

அழிக்கும் முன் ‘காலியா’ என்று சோதிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். சோதித்த மறுகணமே வேறொரு நிரல் அங்கே கோப்பு போட்டுவிடலாம். நேரே ஆர்எம்டிரை அழைத்து, வரும் பிழையைப் பார்த்தால் போதும்.