கல்லீரலில் நோய், உணவுக்குழாயில் ஏன் வீக்கம்?

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைத்திருப்பதாகச் சொன்னார்கள். நோய் கல்லீரலில்தானே, அங்கே ஏன் புடைக்கிறது? அதுவும் அடியில் மட்டும்?

பதில்: நோய் கல்லீரலில்தான். உணவுக்குழாய் பாவம், போக்கிடம் இல்லாத ரத்தத்துக்கு வழிவிட்டு மாட்டிக்கொள்கிறது.

குடல், மண்ணீரல், இரைப்பை ஆகியவற்றின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய், அப்புறம்தான் இதயத்தைச் சேரும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் உள்ளே புக முடியாமல் தேங்குகிறது. இந்தச் சிரைகளில் திரும்பி ஓடுவதைத் தடுக்கும் வால்வும் கிடையாது. ஆகவே ரத்தம் வந்த வழியே திரும்பி, இடது இரைப்பைச் சிரை வழியாக உணவுக்குழாய்ச் சிரைகளுக்குள் ஏறுகிறது. அங்கிருந்து மார்பிலுள்ள அசைகஸ் சிரையைப் பிடித்துவிட்டால், கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போய்விடலாம்.

அடியில் மட்டும் ஏன் என்று கேட்டீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. உணவுக்குழாயின் மேற்பகுதியில் பெரிய சிரைகள் உட்புறச் சவ்வுக்குக் கீழே, சற்று ஆழத்தில் ஓடுகின்றன. இரைப்பையோடு சேரும் இடத்துக்கு மேலே 2, 3 செ.மீ. அளவுக்கு மட்டும் அவை சவ்வுக்குள்ளேயே மேலாக வந்து, சீப்பின் பற்களைப் போல மெல்லிசாக, நெடுக்குவாக்கில் வரிசையாக நிற்கும். நோயில்லாதவருக்கும் அப்படித்தான், எண்டோஸ்கோப்பியின்போது மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னால் அந்த வரிசை நன்றாகத் தெரியும். சுவரைத் துளைத்து வெளிச் சிரைகளோடு சேரும் கிளைகள் அதற்கும் மேலேதான் தொடங்குகின்றன. அதனால் ஏறிவரும் அழுத்தம் முழுவதையும் இந்த மெல்லிய சிரைகளே தாங்க வேண்டியிருக்கிறது.

போர்ட்டல் சிரைக்கும், கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாது. 10 ஆனால் சிரைகள் புடைக்கலாம். 12-க்கு மேல் போனால் வெடித்து ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

வலிக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அறிக்கையில் புடைப்பின் அளவும், அதன்மேல் சிவப்புத் தடங்கள் உண்டா என்பதும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் போன்ற மாத்திரையா, ரப்பர் வளையம் போட்டுக் கட்டும் பேண்டிங்கா என்று மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது. மது கூடவே கூடாது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரையும் கேட்காமல் வேண்டாம்.

ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள்.