பால் கேனில் ‘ஆர்பிஎஸ்டி இல்லை’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது. இங்கே சில பால் கேன்களில் ‘ஆர்பிஎஸ்டி ஊசி போடாத பசுக்களின் பால்’ என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதாத பாலைக் கொடுத்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்களே, நிஜமா? “அங்கேயும் ஊசி போட்டுத்தான் கறக்கிறார்களா?” என்று ஊரிலிருந்து அம்மாவும் கேட்கிறார்.

கால்நடை மருத்துவர் பதில்: அந்த பயம் வேண்டாம். ஆர்பிஎஸ்டி என்பது பால் கூடுவதற்காகப் பசுவுக்குப் போடும் ஊசி; பசுவின் உடம்பில் இயல்பாகவே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனின் நகல்தான். பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கிறார்கள். பெண்மை ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒரு புரதம், குடித்தால் வயிற்றில் செரித்துப்போகும். 1950களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மாட்டின் வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள்; பலனே இல்லை. ஊசி போட்ட பசுவின் பாலில் ஐஜிஎஃப்-1 என்ற, வளர்ச்சியைத் தூண்டும் பொருள் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் நம் உடம்பே தினமும் அதைவிடப் பல மடங்கு சுரக்கிறது.

எனக்கு வருத்தமெல்லாம் மாட்டைப் பற்றித்தான். அமெரிக்கா 1993இல் இந்த ஊசிக்கு அனுமதி தந்தது. கன்று ஈன்ற ஒன்பதாவது வாரம் வாக்கில் தொடங்கி 14 நாளுக்கு ஒரு ஊசி. உச்சத்தைத் தொட்ட கறவை இறங்க ஆரம்பிக்கிற நேரம் அது. ஊசி அதை இறங்கவிடாமல் பிடித்துவைத்து, உடம்பில் ஒட்ட வேண்டிய சத்தையும் மடிக்குத் திருப்பிவிடுகிறது. பால் 10 முதல் 15 சதவீதம் கூடும். தீவனம் ஈடுகொடுக்காவிட்டால் இடுப்பெலும்பு துருத்திக்கொள்ளும்.

கனடாவில் வல்லுநர் குழு ஒன்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மடிநோய் வரும் வாய்ப்பு சுமார் 25 சதவீதமும், சினை பிடிக்காமல் போவது 40 சதவீதமும், நொண்டுவது 50 சதவீதமும் கூடுவதாகத் தெரிந்தது. மாடுகளின் நலனை முன்னிட்டே 1999இல் கனடா அனுமதி மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தது. மடிநோய் கண்ட மாட்டின் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் பால் திரிதிரியாக விழும். மடி கல்லாக இறுகி, கை வைத்தால் சுடும். தொட்டாலே உதைக்கும், அத்தனை வலி.

மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக் பாலில் வருமோ என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே டேங்கர் டேங்கராகச் சோதித்த பிறகுதான் பாலை இறக்குகிறார்கள்.

ஆக, குழந்தைக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. கேனைத் திருப்பினால், இரண்டு பாலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். வால்மார்ட், க்ரோகர் கடைகளின் சொந்த பிராண்டுப் பால் 2008லேயே இந்த ஊசி போடாத பாலுக்கு மாறிவிட்டது. ஆர்கானிக் பாலிலும் இதற்கு இடமில்லை. விலை ஒன்றுதான் என்றால் மாட்டை நினைத்து ‘ஊசி போடாத’ என்ற கேனையே எடுங்கள்.

அம்மா கேட்கிற ஊசி வேறு. நம்மூரில் கன்று செத்த மாடு பாலை அடக்கிக்கொண்டால், சுரப்பு விடுவதற்காகத் திருட்டுத்தனமாகப் போடுவார்களே, அது ஆக்சிடோசின். மடியில் இருக்கும் பாலை இறக்கத்தான் அது. தினமும் போட்டுப் பழக்கினால் பிறகு ஊசி இல்லாமல் மாடு பால் விடாது. மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பால் கறக்கும் ஊசிகளை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டமே குற்றம் என்கிறது. உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் கறக்கும் நேரத்தில் அம்மாவை ஒருநாள் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.