செட்டாப் பாக்ஸில் உள்ள டிவி பதிவு வைஃபை வழியாக லேப்டாப்புக்கு ஏற 40 நிமிடமா?

வைஃபையை அணைத்துவிட்டு ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிளைச் செருகுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

2007 லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால வைஃபையில் வினாடிக்கு 54 மெகாபிட் என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது 20 சொச்சம்தான். செட்டாப் பாக்ஸும் வைஃபையில் இருந்தால் அதிலும் பாதி. உங்கள் 6 ஜிபி பதிவுக்கு 40 நிமிடம் ஆவதில் ஆச்சரியமே இல்லை. இரண்டுமே 100 மெகாபிட் லேனில் இருந்தால் வினாடிக்கு 11 எம்பி வரை வரும் (8 மெகாபிட் ஒரு எம்பி), பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேபிள் போட்டும் 3, 4 எம்பியில் நொண்டினால் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு (ப்ராசசர்) 100 சதவீதத்தைத் தொட்டால், மென்பொருள் காபி செய்துகொண்டே எம்பி4ஆக மாற்றவும் செய்கிறது. பழைய மெஷினுக்கு அது தாங்காது. பாக்ஸ் பதிவுசெய்த டிஎஸ் கோப்பை மாற்றாமல் அப்படியே எடுங்கள், மாற்றுவதை ராத்திரி ஓடவிடலாம். சிபியு சும்மா இருந்தால் கோப்பை ரகசியக் குறியாக்கத்தோடு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்குப் பதில், அது இல்லாத சாதா எஃப்டிபி போட்டுப் பாருங்கள். குறியாக்கம் பாக்ஸின் குட்டி ப்ராசசரைத் திணறடிக்கும். வீட்டு நெட்வொர்க்குக்குள் இது போதும், வெளியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள்.

பென் டிரைவில் எடுக்கலாம் என்று நினைத்தால் ஒன்று: டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.